பதினேழு விமலாக்கள்

என் அம்மா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டாள். பாப்பா என்பாள், இந்தா என்பாள், கோபம் வந்தால் அடியே என்பாள். வீட்டில் நான் ஒற்றைப் பிள்ளை. எப்படிக் கூப்பிட்டாலும் நான்தான் ஓடியாக வேண்டும். ஆனால் விமலா என்ற என் பெயர் மட்டும் அவள் வாயில் வந்ததே இல்லை. பீடோங் கிளினிக்கில் கவுண்டரில் இருக்கும் மலாய்க்கார மிஸ்ஸி, அதாவது தாதி, ‘நாமா?’ என்று பெயர் கேட்டால், அம்மா வாயைத் திறக்காமல் என் அட்டையை எடுத்து நீட்டுவாள். சற்று நேரம் கழித்து மிஸ்ஸி உள்ளேயிருந்து ‘விமலா!’ என்று கூப்பிடுவாள். அப்போது எனக்கு முன்னால் அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போடும். ஊசிக்குப் பயப்பட வேண்டியவள் நான், இவள் எதற்குப் பயப்படுகிறாள் என்று எனக்கு விளங்காது.

பத்து வயதில் இதற்கு நானே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தேன். அம்மாவுக்கு என் பெயர் பிடிக்கவில்லை. அப்பா வைத்துவிட்டார், அம்மா சகித்துக்கொண்டிருக்கிறாள். எனக்கே அந்தப் பெயர்மேல் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. வகுப்பில் எல்லாரும் தர்ஷினி, கீர்த்திகா, யாஷினி என்று புதுச்சட்டை போட்டதுபோல் பெயர் வைத்திருக்க, நான் மட்டும் விமலா. ‘உன் பேரு ஆயா பேரு மாதிரி இருக்குலா’ என்று பக்கத்து மேசைக்காரி ஒருநாள் சொல்லியே விட்டாள். ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் அதிலிருந்து இறங்குவது என் சுபாவத்தில் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. அம்மாவின் வாயிலிருந்து என் பெயரை வரவழைத்தே தீருவது என்று இருந்தேன்.

அதற்கு என்னிடம் ஒரு படையே இருந்தது. எங்கள் வீட்டுக் கூடத்தில், தொலைக்காட்சிக்கு மேலே, ஒரு பலகையில் பதினேழு புத்தகங்கள். பதினேழும் விமலாக்கள் எழுதியவை, அல்லது விமலாக்களைப் பற்றி எழுதப்பட்டவை. ‘எல்லாம் உன் புக்குதான்’ என்று அப்பா எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து சொல்லி வந்தார்.

அப்பா குருணில் இருக்கும் கையுறைத் தொழிற்சாலைக்குப் பெண்களை ஏற்றி இறக்கும் பஸ் ஓட்டினார். அம்மாவுக்கும் அதே தொழிற்சாலையில்தான் வேலை. சொந்தப் புருஷன் ஓட்டும் பஸ்ஸில் யாரோ எவரோ என்பதுபோல் கடைசி இருக்கையில் உட்கார்ந்து வருவாள். விடுமுறை நாட்களில் அப்பாவின் பஸ் கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் வாடகைக்குப் போகும். போகிற இடத்திலெல்லாம் அவர் புத்தகக் கடையைக் கண்டால் நுழைந்துவிடுவார். அவர் படிக்கிறவர் அல்ல. செய்தித்தாளில் விபத்துச் செய்தியைத் தாண்டியதில்லை. அட்டையில் விமலா என்று இருக்கிறதா என்பதுதான் அவருக்குக் கணக்கு.

“பேரு இருக்கா பாரு. இருக்குல்ல? அப்பறம் என்னா?” என்பார்.

இப்படி வந்து சேர்ந்த விமலாக்கள் ஒருவரை ஒருவர் தெருவில் பார்த்தால் பேசிக்கொள்ள மாட்டார்கள். பெண்களின் நோய்களுக்கு விளக்கம் எழுதிய டாக்டர் விமலா இருந்தாள். வீணை வாசித்துப் பேர் வாங்கிய விமலாவைப் பற்றி அவளுடைய மாணவி எழுதியது ஒன்று. ஊறுகாய்க்கு மட்டும் ஒரு தனிப் புத்தகம் எழுதிய சமையல்கார விமலா. மருத்துவமனைத் தாதிகளின் உரிமைக்காகக் கொடி பிடித்த விமலாவைப் பற்றி மலாயில் மெலிதாக ஒன்று. கடலை நீந்திக் கடந்த விமலாவின் ஆங்கிலப் புத்தகத்தை, கோலா கெடா படகுத்துறையில் லங்காவிக்குப் போகும் கும்பலை இறக்கிவிட்ட இடத்தில், எவரோ பெஞ்சில் விட்டுப் போயிருந்தார்களாம். உப்புத் தண்ணீர் பட்டு அது ஏற்கெனவே கடலைக் கடந்ததுபோல்தான் இருந்தது.

எட்டாவது பிறந்தநாளுக்கு வந்த விமலா மட்டும் வேறு ரகம். அட்டையில் அழகான ஒருத்தி சிரித்துக்கொண்டிருந்தாள், அப்பா ஏமாந்துவிட்டார். இரண்டு நாளில் படித்து முடித்தேன். அவள் புருஷனுக்குக் காப்பியில் விஷம் கலந்து கொடுத்து, நாடே பேசிய வழக்கில் சிறைக்குப் போனவள். என் முகத்தில் ஈயாடவில்லை. அதற்குப் பிறகு ஒரு வாரம், அப்பாவுக்குக் காப்பி கலக்கு என்று அம்மா சொன்னால் மாட்டேன் என்று அழுதேன். காரணம் கேட்டார்கள். சொன்னேன். அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அம்மா சிரிக்காமல் என்னையே பார்த்தாள்.

பதினேழில் பதினொரு புத்தகங்களின் முதல் பக்கத்தில் நீல மையில் விமலா என்று ஒரு கையெழுத்து இருக்கும். சாய்வான எழுத்து. கடைசி எழுத்தின் வால் சுழன்று வந்து பெயருக்கு அடியில் ஒரு கோடாக ஓடும், கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளிகள். எனக்காக அப்பா எழுதி வைத்தது என்றே நினைத்திருந்தேன். பஸ் கணக்கேட்டில் அப்பாவின் எழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கும். அது என் கண்ணில் தினமும் பட்டும் மண்டையில் ஏறவில்லை. மூன்றாம் வகுப்பில் அந்தக் கையெழுத்தின்மேல் மெல்லிய தாளை வைத்து எழுதி எழுதிப் பழகினேன். ஐந்தாம் வகுப்பு வந்தபோது கண்ணை மூடிக்கொண்டு போடுவேன். வால், கோடு, இரண்டு புள்ளி, எல்லாம் அச்சு அசல்.

அம்மா அந்தப் பலகையைத் தினமும் துடைப்பாள். ஆனால் ஒரு புத்தகத்தையும் திறந்து நான் பார்த்ததில்லை. அவளுடைய பக்தியெல்லாம் வேறு பக்கம். ஆண்டுக்கு ஒருமுறை, தீபாவளிக்கு முன்னால், ஒரு செம்பில் தண்ணீர் வைத்து, அதற்குப் பூச்சுற்றி, பக்கத்தில் புதுச்சேலை, கண்ணாடி வளையல், மஞ்சள் குங்குமம் எல்லாம் வைத்துப் படைப்பாள். படம் கிடையாது, சிலை கிடையாது. “இது எந்தச் சாமிம்மா?” என்று கேட்டால், “வீட்டுச் சாமி, கும்புட்டுக்க” என்பாள். கும்பிட்டுக்கொள்வேன். எனக்கு வளையல் கிடைக்கும், பிறகென்ன கேள்வி. சேலையை அம்மா எடுத்து வைத்து, முக்கியமான நாளில் மட்டும் கட்டுவாள்.

அந்த ஆண்டு பள்ளியில் வாசிப்பு மாதம் என்று ஒன்று நடத்தினார்கள். கடைசி நாளில் கண்காட்சி. ஒவ்வொரு மாணவரும் வீட்டில் சேர்த்திருக்கும் புத்தகங்களை மேசையில் அடுக்க வேண்டும். பெற்றோரில் ஒருவர் ஒலிவாங்கியைப் பிடித்து, ‘என் மகள் இன்னார், இன்ன புத்தகங்களைச் சேர்த்திருக்கிறார்’ என்று பிள்ளையை அறிமுகம் செய்ய வேண்டும். பேசக் கூச்சப்படும் பெற்றோருக்காக டீச்சரே இரண்டு வரி எழுதித் தந்தார். என் தாளில் ‘என் மகள் விமலா’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. ஊரார் முன்னிலையில், ஒலிபெருக்கியில், அம்மா என் பெயரைச் சொல்லப்போகிறாள். சொல்லாமல் தப்பிக்க வழியே இல்லை.

அப்பாதான் வரத் துடித்தார். அவருக்கு ஒலிவாங்கி என்றால் உயிர்.

“வேணாம்பா. அம்மாதான் வரணுமாம். டீச்சர் சொல்லிட்டாங்க” என்றேன். பச்சைப் பொய். சொல்லும்போது நாக்கு கூசக்கூட இல்லை.

அம்மா இரவு ஷிப்ட் முடிந்து வந்து, குளித்து, அந்த ஆண்டு வீட்டுச் சாமிக்கு வைத்த அரக்குச் சேலையைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கு வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது, ஆனாலும் அழகாக இருந்தாள். நான் என் மேசையை முதல்நாளே அலங்கரித்து வைத்திருந்தேன். பதினேழு விமலாக்களும் வரிசையாக நின்றார்கள், விஷம் வைத்தவளைப் பின்வரிசையில் தள்ளியிருந்தேன். கையெழுத்துள்ள பதினொன்றையும் முதல் பக்கம் திறந்தபடி வைத்தேன். பின்னால் பெரிய வெள்ளை அட்டை. அதில் நீல மார்க்கரால், ஒரு முழ நீளத்துக்கு, என் கையெழுத்து. அம்மாவுக்கு என் பெயர் பிடிக்காமல் போனதற்குக் காரணம் அதன் பெருமை தெரியாததுதான் என்பது என் கட்சி. டாக்டர் விமலாவும் வீணை விமலாவும் கடல் விமலாவும் சேர்ந்து அவள் மனதை மாற்றிவிடுவார்கள்.

என் முறை வந்தது. டீச்சர் அம்மாவின் கையில் ஒலிவாங்கியைக் கொடுத்தார். அம்மா மேசைப் பக்கம் திரும்பினாள். முதலில் திறந்திருந்த புத்தகங்களைப் பார்த்தாள், ஒவ்வொன்றாக. பிறகு அண்ணாந்து வெள்ளை அட்டையைப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்தது இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

“வணக்கம்” என்றாள். தாளைப் பார்த்தாள். “இவ…” என்று ஆரம்பித்து நிறுத்தினாள். நான் மனதுக்குள் சொல்லு, சொல்லு என்று வேண்டிக்கொண்டிருந்தேன். மறுபடி அட்டையைப் பார்த்தாள்.

“இது எங்க அக்கா” என்றாள்.

மண்டபத்தின் ஒரு மூலையில் ஒருவன் சிரித்தான், அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். வந்திருந்த பெற்றோரும் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். அம்மா ஒலிவாங்கியை வீணை விமலாவின்மேல் வைத்துவிட்டு, வெளியே தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போய்விட்டாள். ‘அம்மா ராத்திரி வேலை பார்த்துட்டு வந்திருக்காங்க, களைப்பு’ என்று டீச்சர் சமாளித்தார். நான் என்ன எதிர்பார்த்தேன், என்ன நடந்தது! பெயரைச் சொல்லத்தான் பிடிக்கவில்லை, பெற்ற பிள்ளை என்றுகூடவா சொல்லக்கூடாது?

மறுநாளே எனக்குப் புதுப்பெயர் வந்துவிட்டது. அம்மாவுடைய அக்கா என்றால் பெரியம்மாதானே என்று வகுப்பில் ஒரு மகா மேதை கணக்குப் போட்டுச் சொன்னான். அதிலிருந்து நான் பெரியம்மா. ‘பெரியம்மா, அழிரப்பர் இருக்கா?’ ‘பெரியம்மா, தள்ளி உக்காருலா.’ சிற்றுண்டிச் சாலையில் சாமான் விற்கும் அக்காகூட ஒருநாள் பெரியம்மா என்று கூப்பிட்டுவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். வீட்டில் அம்மா ஒன்றும் நடக்காததுபோல் சோறு போட்டாள். அப்பா மட்டும் ஏனோ இரண்டு நாள் என்னிடம் விளையாடவில்லை. அந்த அட்டையை அவர் சுருட்டி அலமாரிமேல் வைத்ததைப் பார்த்தேன். கிழித்துப் போட்டிருக்கலாம், எனக்கு அதுவே ஆறுதலாக இருந்திருக்கும்.

ஒரு வாரம் அழுது முடித்தபோது எனக்கு ஞானம் பிறந்தது. அம்மாவை மாற்ற முடியாது. ஆகவே பெயரை மாற்றிவிடலாம். அம்மாவுக்குப் பிடித்த ஒரு பெயராக அவளையே வைக்கச் சொல்வோம். பழைய பெயர் இந்த வீட்டை விட்டுப் போனால்தான் அது நடக்கும். பழைய பெயர் எங்கே இருக்கிறது? பலகையில்.

சனிக்கிழமை மத்தியானம் பழைய பேப்பர் லாரி எங்கள் தாமான் குடியிருப்புக்குள் வந்தது. ‘சூரத் கபார் லாமா… புக்கு லாமா…’ என்று ஒலிபெருக்கியில் பதிவு செய்த குரல் ஓடிக்கொண்டே வரும். பழைய செய்தித்தாள், பழைய புத்தகம், பழைய இரும்பு எதைக் கொடுத்தாலும் எடுத்துக்கொள்வார்கள். அப்பா அம்மா இருவரும் வேலையில் இருந்தார்கள், பக்கத்து வீட்டு அக்கா பொறுப்பில் நான் இருந்தேன், அந்த அக்கா நாடகம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நாற்காலி போட்டு ஏறிப் பதினேழையும் இறக்கினேன். பிஸ்கட் அட்டைப் பெட்டிக்குள் அடுக்கினேன். வீணை விமலாவை வைக்கும்போது மட்டும் கொஞ்சம் கை தயங்கியது. பெட்டியை வாசல்வரை இழுத்துக்கொண்டு போய்க் கையைக் காட்டினேன்.

லாரிக்காரர் பெரியவர், சீனர். பெட்டியைத் தூக்கித் தராசில் வைத்து, பின்னால் செய்தித்தாள் மலைமேல் வீசினார். கொடுத்த சில்லறையைப் பார்க்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. லாரி எங்கள் வரிசையைத் தாண்டி அடுத்த வரிசைக்குப் போயிற்று. எனக்கு மனம் லேசாகிவிட்டது. பெயர் இல்லாமல் நின்றுகொண்டு, அம்மா எனக்கு என்ன பெயர் வைப்பாள் என்று யோசித்தேன்.

மூன்றரைக்கு அப்பாவின் பஸ் வந்து எங்கள் தெருமுனையில் நின்றது. அம்மா இறங்கி வந்தாள். நீல மேல்சட்டை, கையில் டிபன் கேரியர், விரல்களில் கையுறை மாவு. கேட்டருகே ஓடிப்போய் நின்றேன். இந்தச் செய்தியைக் கேட்டு அவள் சந்தோஷப்படுவாள் என்று முழுசாக நம்பினேன் என்றால் இன்று எனக்கே வெட்கமாக இருக்கிறது.

“அம்மா, அந்த விமலா புக்கு எல்லாத்தையும் பேப்பர் லாரியில போட்டுட்டேன். இனிமே உனக்குத் தொந்தரவே இல்ல. எனக்கு நீ வேற பேரு வெச்சிரு.”

அம்மா பேயறைந்ததுபோல் நின்றாள். பிறகு நிமிர்ந்து பலகையைப் பார்த்தாள், வாசலில் இருந்தே அது தெரியும். டிபன் கேரியர் கீழே விழுந்து மூடி கழன்று உருண்டது. “எந்தப் பக்கம்?” என்றாள். கையைக் காட்டினேன். ஓடினாள்.

என் அம்மா ஓடி நான் அதுவரை பார்த்ததில்லை. மழை கொட்டினாலும் நடந்துதான் வருவாள். அந்த அம்மா, செருப்பு இரண்டும் இரண்டு வீட்டு வாசலில் கழன்று கிடக்க, தலைமுடி அவிழ, வெயிலில் காய்ந்த தார்ச்சாலையில் வெறுங்காலோடு ஓடினாள். லாரி அதற்குள் தாமானைச் சுற்றி முடித்து, செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வெளிவாசலுக்குத் திரும்பிவிட்டது. “தவுக்கே! துங்கு! துங்கு!” என்று லாரி முதலாளியை நிற்கச் சொல்லிக் கத்தினாள். ஒலிபெருக்கிச் சத்தத்தில் அவருக்கு எங்கே கேட்கும்? ‘அக்கா, அக்கா’ என்று இரண்டு முறை கத்தினாள். நான் குழம்பிப்போனேன். லாரியில் அக்கா யாரும் இல்லை. ஓட்டுகிற பெரியவரும், பக்கத்தில் தொப்பி போட்ட இன்னொரு பெரியவரும்தான்.

அப்போதுதான் அது நடந்தது. அம்மா நின்றாள், இரண்டு கையையும் நீட்டினாள், தொண்டை கிழியக் கத்தினாள்.

“விமலா!”

தெருவே வெளியே வந்துவிட்டது. பஸ்ஸில் மிச்சமிருந்த பெண்கள் ஜன்னல் வழியே தலையை நீட்டினார்கள். அப்பாவுக்கு என்ன புரிந்ததோ, ஏற்கெனவே நகர்ந்திருந்த பஸ்ஸை ஒடித்துத் திருப்பி, வெளிவாசலை அடைத்துக் குறுக்கே நிறுத்திவிட்டார். பேப்பர் லாரி கிறீச்சென்று நின்றது. பஸ்ஸுக்குள் ஒரே கூச்சல். பெரியவர் கையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார், கொள்ளையென்று நினைத்தாரோ என்னவோ. அம்மா சக்கரத்தில் கால் வைத்துச் செய்தித்தாள் மலைமேல் ஏறினாள். பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இறங்கி, நடுச்சாலையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு புத்தகமாக முதல் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். மேல்சட்டை நுனியால் துடைத்துத் துடைத்து வைத்தாள். பதினொன்று எண்ணி முடித்த பிறகுதான் மூச்சு விட்டாள். “ஏம்மா, ஒம் மக இந்தா நிக்கிறா பாரு” என்று பஸ்ஸிலிருந்து ஒருத்தி சொன்னது அவள் காதில் விழவில்லை. அப்பா பஸ் கதவைப் பிடித்தபடி தோட்டத்துப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். லாரிக்காரர் போகும்போது, ஏன் என்றே தெரியாமல், யாருடைய வீட்டிலிருந்தோ எடுத்த ஒரு கட்டுப் பழைய சஞ்சிகைகளையும் சும்மாவே கொடுத்துவிட்டுப் போனார்.

எனக்கு அன்று அடி விழவில்லை. ஒரு வார்த்தைகூட விழவில்லை. சாயங்காலத்துக்குள் பதினேழு விமலாக்களும் பலகைக்குத் திரும்பிவிட்டார்கள்.

எட்டு ஆண்டு கழித்து, பீடோங்கில் வங்கிக் கணக்குத் திறக்க அம்மாவோடு போனேன். படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். வால், கோடு, இரண்டு புள்ளி. அம்மா அதன்மேல் விரலை வைத்தாள், எடுக்கவில்லை. வெளியே வந்து, மோட்டார் சைக்கிள்கள் இரைந்துகொண்டு போகும் சாலையோரம், கடைகளுக்கு முன்னால் உள்ள ஐந்தடிப் பாதையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்துதான் சொன்னாள். அவளுக்கு ஓர் அக்கா இருந்தாள். அவர்கள் முன்பு குடியிருந்த தோட்டத்துப் பள்ளியில் தற்காலிக டீச்சர். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிவந்த பஸ்காரர் ஒருநாள், ‘ஒங்க பேருல ஒரு புக்கு பாத்தேன்’ என்று வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு புத்தகத்தை நீட்டினாராம். அதற்குப் பிறகு பத்து நீட்டினார். இரண்டாவது புத்தகத்துக்கும் மூன்றாவது புத்தகத்துக்கும் நடுவில் கல்யாணம். பதினொன்றாவது புத்தகம் வந்த மாதத்தில் அக்கா காய்ச்சலில் போய்விட்டாள். மூத்தவள் இருந்த இடத்துக்கு இளையவள் என்று பெரியவர்கள் பேசி முடித்தார்கள். ஊர் வாய்க்குப் பயந்து பழைய தோட்டத்தை விட்டு இங்கே வந்தார்கள். ஆண்டுதோறும் சேலையும் வளையலும் வைத்து நான் கும்பிட்ட வீட்டுச் சாமி, பூவும் பொட்டுமாகப் போன என் பெரியம்மா.

அம்மா இன்னும் முடிக்கவில்லை.

“ஆஸ்பத்திரியில நா ஒருத்திதான் பக்கத்துல இருந்தேன். ஒங்கப்பா ரத்தம் குடுக்கக் கீழ போயிட்டாரு. மிஸ்ஸி சொன்னா, பேரச் சொல்லிக் கூப்புடு, கண்ணத் தொறப்பாங்கன்னு. கூடப்பொறந்த அக்காள எப்புடிடி பேரு சொல்றது? வாய் வரல. அக்கா, அக்கான்னுதான் கூப்புட்டேன். அந்த வார்டு முழுக்க அக்காங்க. எந்த அக்காளக் கூப்புடுறேன்னு அவளுக்கு எப்புடித் தெரியும்?”

பிறகு, எனக்கு அப்பா வைத்த பெயர் அல்லவா என்று கேட்டேன்.

“நாந்தாண்டி வெச்சேன். என்னால கூப்புட முடியாத பேரு. ஊராவது கூப்புடட்டுமேன்னு.”

இன்றும் நான் பாப்பாதான். புத்தகங்கள் முப்பதைத் தாண்டிவிட்டன, அப்பா ஓய்வு பெற்ற பிறகும் நிறுத்தவில்லை. எந்த விமலாவைத் திறந்தாலும் எனக்கு அந்தத் தார்ச்சாலைதான் ஞாபகம் வருகிறது. தொண்டை கிழிய அம்மா அந்தப் பெயரைச் சொன்ன நொடியில், பத்து வயது எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றே ஒன்று. ஜெயித்துவிட்டேன். அம்மா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டாள், அதுவும் தெருவே கேட்க. சந்தோஷம் தாங்காமல் “ஏம்மா? இங்கதாம்மா இருக்கேன்!” என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன். அவள் லாரியையே பார்த்துக்கொண்டிருந்தாள், திரும்பவில்லை. கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, இன்னும் உரக்கக் கத்தினேன்.